புதிய ரிவால்வர் சுடத் தவறும்போது: காரணம் தேடிய விதம்

ரிவால்வர் தவறாது என்ற நம்பிக்கை அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அரைத் தானியங்கிப் பிஸ்டலில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் ஸ்லைடு என்ற மேல்பகுதியை இழுத்து, அந்தத் தோட்டாவை வெளியேற்றி, அடுத்ததை ஏற்ற வேண்டும். ரிவால்வரில் விசையை மறுபடி அழுத்தினால் போதும், தோட்டாக்களுக்கான அறைகள் கொண்ட சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்துவிடும். ஆனால் இந்த நம்பிக்கைக்கு யாரும் அதிகம் பேசாத மறுபக்கம் ஒன்று உண்டு. பிஸ்டலில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றை நின்ற இடத்திலேயே கையால் சரிசெய்துவிடலாம். ரிவால்வரின் சிலிண்டர் இறுகி நின்றுவிட்டாலோ, கருவிகளும் ஒரு மேசையும் இல்லாமல் அதைத் திறப்பதே பல நேரங்களில் முடியாத காரியம். ஆகவே, ரிவால்வர் என்ற வகையின் மீது நம்பிக்கை வைப்பதில் பயனில்லை. வாங்கிய அந்த ஒரு துப்பாக்கி நம்பத்தக்கதா என்பதைத்தான் ஒவ்வொருவரும் சோதித்து அறிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டெக்சஸில் நான் வாங்கிய, .357 மேக்னம் என்ற தோட்டா வகைக்கான ரிவால்வரை வைத்தே இதைச் சொல்கிறேன். ஆறு அறைகள், நான்கு அங்குலக் குழல், துருப்பிடிக்காத எஃகு. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகள் எந்த நிறுவனத்தின் பெட்டியிலிருந்தும் வரக்கூடியவை. சுடுதளத்தில் இரண்டு குறைகள் தென்பட்டன. விசையை முழுவதுமாக அழுத்திச் சுடும் டபுள் ஆக்‌ஷன் முறையில், சில வேளைகளில் சுத்தியல் விழும் ஓசை மட்டும் கேட்டது, தோட்டா வெடிக்கவில்லை. தொடர்ந்து சுட்டுத் துப்பாக்கி சூடேறிய பிறகு, சிலிண்டரைச் சுழற்ற விசை மிகக் கனத்தது; ஒரு கட்டத்தில் இரு கைகளின் பலமும் தேவைப்பட்டது. இவை இரண்டும் தனித்தனி நோய்களா, ஒரே நோயின் இரு அறிகுறிகளா என்ற கேள்விதான் தேடல் முழுவதையும் நடத்திச் சென்றது.

அமெரிக்காவில் வாழும் தமிழ் வாசகர்களுக்காக இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் கையில் வாங்கிப் பார்ப்பது கூடச் சட்டச் சிக்கலில் முடியலாம். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் மாநிலச் சட்டங்கள் இடத்துக்கு இடம் மிகவும் மாறுபடுவதால், தாம் வாழும் மாநிலத்தின் சட்டத்தைப் படிக்காமல் யாரும் கடை வாசலை மிதிக்கக் கூடாது.

கோளாறு காட்டும் துப்பாக்கி, நன்றாக இயங்கும் துப்பாக்கியைக் காட்டிலும் ஆபத்தானது. விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை என்றால் உடனே சிலிண்டரைத் திறக்கக் கூடாது. தோட்டாவின் பின்புறத்தில், அடி பட்டதும் தீ மூட்டும் ப்ரைமர் மெதுவாகப் பற்றிக்கொண்டு, சில நொடிகள் தாமதித்து வெடிமருந்து வெடிப்பதும் உண்டு. குழலின் வாயை இலக்கின் திசையிலேயே வைத்துக்கொண்டு குறைந்தது 30 நொடிகள் காத்திருக்க வேண்டும். ரிவால்வரில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் காரணம் இருக்கிறது: அடுத்த முறை விசையை அழுத்தியதும் அந்தத் தோட்டா குழலுக்கு நேரே இருப்பதில்லை, அது சிலிண்டரின் பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுகிறது, அங்கே வெடித்தால் குண்டு செல்ல வழியில்லை. வழக்கத்துக்கு மாறாக மெலிந்த ஓசை கேட்டால் அதோடு சுடுவதை நிறுத்திவிட வேண்டும். மருந்து குறைவாக இருந்த தோட்டாவின் குண்டு குழலின் பாதியிலேயே சிக்கி நிற்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். வீட்டில் செய்யும் ஆய்வுகளுக்கு, தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சிலிண்டரின் ஆறு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே மேசையில் அமர வேண்டும்.

இனி இயக்கத்துக்கு வருகிறேன். சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வரின் அடிப்படை எண்ணம் இன்றும் மாறவில்லை. பக்கவாட்டில் திறக்கும் சிலிண்டர் 1889இல் கோல்ட் நிறுவனம் கடற்படைக்காகச் செய்த மாதிரியோடு வந்தது. விசையை அழுத்தத் தொடங்கியதும், துப்பாக்கியின் உடற்சட்டமான பிரேமுக்குள் இருக்கும் ஒரு சிறு நெம்புகோல், துப்பாக்கிக்காரர்கள் கை என்று சொல்வது, மேலெழுந்து சிலிண்டரின் பின்புறமுள்ள பல்லைத் தள்ளும். ஆறு அறைகள் என்றால் ஓர் அழுத்தத்துக்கு 60 பாகை சுழல வேண்டும். சுழற்சி முடியும் இடத்தில் அடியிலிருந்து ஒரு பூட்டு, சிலிண்டரின் வெளிப்பரப்பில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தில் விழுந்து அதை நிறுத்தும். அதன் பிறகே சுத்தியல் விடுபட்டு, சுடும் ஊசியை ப்ரைமரில் அடிக்க வேண்டும். இத்தனையும் ஒரே விரலின் ஒரே அசைவில், ஒன்றன்பின் ஒன்றாக, அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகளுக்குள் நடந்தாக வேண்டும். வெளியில் எளிமையாகத் தோன்றும் இந்தப் பொறிக்குள் பிஸ்டலைவிட நுட்பமான பொருத்தங்கள் இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள், புதிய ரிவால்வர் சில சமயம் தவறுகிறது என்று கேட்டு வியப்படைவதில்லை.

குறையின் ஊற்று மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: தோட்டா, துப்பாக்கி, சுடுபவரின் கை. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் உதிரிப் பாகங்களை வாங்கி மாற்றத் தொடங்குபவர்கள் பணத்தையும் இழந்து, காரணத்தையும் இழக்கிறார்கள்.

கையை விலக்குவது எளிது. டபுள் ஆக்‌ஷனில் விசையை ஒவ்வொரு முறையும் முழுவதுமாக முன்னே வர விடாமல் பாதியிலேயே மறுபடி அழுத்துபவர்களுக்கு, சிலிண்டர் ஓர் அறையைத் தாண்டிச் செல்லலாம், அல்லது ஏற்கெனவே சுட்ட தோட்டாவின் மீது சுத்தியல் விழலாம். சிறிய பிரேம் உள்ள ரிவால்வர்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. கட்டைவிரலின் நுனி சிலிண்டரை உரசினாலும் சுழற்சி கனக்கும். சுடுதளத்தில் ரிவால்வரில் நீண்ட பழக்கமுள்ள ஒருவரிடம் என் துப்பாக்கியைக் கொடுத்து, அதே தோட்டாக்களைச் சுடச் சொன்னேன். அவர் கையிலும் அதே இரண்டு குறைகளும் வந்தன. அத்தோடு கை என்ற காரணம் நீங்கியது.

தோட்டாவை விலக்குவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். ப்ரைமரின் உலோகக் கிண்ணம் எல்லாத் தயாரிப்புகளிலும் ஒரே கடினத்தில் இருப்பதில்லை. ஃபெடரல் நிறுவனத்தின் ப்ரைமர்கள் மெல்லிய அடிக்கும் பற்றிக்கொள்ளும் என்பது ரிவால்வர் போட்டியாளர்களிடையே நன்கு அறியப்பட்ட செய்தி. வேறு சில தயாரிப்புகள் வலுவான அடி இல்லாமல் பற்றுவதில்லை. வீட்டில் தாமே மருந்து நிரப்பிய தோட்டாக்களில் ப்ரைமர் அடி வரை இறங்காமல் நின்றிருந்தால், முதல் அடி அதை உள்ளே இறக்குவதிலேயே செலவாகிவிடும். அத்தகைய தோட்டா இரண்டாம் அடியில் வெடிக்கும். ஆகையால் சோதனைக் காலத்தில் தொழிற்சாலைத் தோட்டாக்களை மட்டும், குறைந்தது மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் தோட்டாக்களைச் சுட வேண்டும். என் துப்பாக்கி மென்மையான ப்ரைமர் உள்ளவற்றை ஒன்றுவிடாமல் சுட்டது. கடினமான ப்ரைமர் உள்ளவற்றில்தான் தவறியது. பலர் இந்த இடத்தில் நின்றுவிட்டு, இந்தத் துப்பாக்கிக்கு இந்தத் தோட்டா என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கடையில் விற்கும் நல்ல தொழிற்சாலைத் தோட்டா எதையும் சுடுவதே புதிய ரிவால்வரின் கடமை. மென்மையான ப்ரைமர் குறையை மறைக்கிறதே தவிரத் தீர்ப்பதில்லை.

வெடிக்காத தோட்டாக்களைத் தூக்கி எறியாமல் எடுத்து வைப்பது மிகவும் முக்கியம், ஏனென்றால் ப்ரைமரில் விழுந்த குழியே நிகழ்ந்ததைச் சொல்லும் சாட்சி. சிலிண்டரின் அறைகளுக்கு அழியாத மையால் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டு, எந்த அறையில் எந்தத் தோட்டா தவறியது என்று தாளில் குறித்துக்கொண்டு சுட்டேன். ஒரே அறையில் மட்டும் மீண்டும் மீண்டும் தவறினால், அந்த அறையின் வெட்டிலோ அதற்குரிய பல்லிலோ குறை இருக்கிறது என்று பொருள். குழி ப்ரைமரின் நடுவில் விழாமல் ஓரமாக விழுந்திருந்தால், சுத்தியல் விழும்போது அறை குழலுக்கு நேரே வந்து நிற்கவில்லை என்று பொருள். குழி நடுவிலேயே விழுந்து, ஆழம் மட்டும் குறைந்திருந்தால், அடியின் ஆற்றல் எங்கோ குறைகிறது அல்லது எங்கோ செலவாகிறது. என் தோட்டாக்களில் குழி நடுவில்தான் இருந்தது, ஆழம் போதவில்லை, எல்லா அறைகளிலும் மாறி மாறித் தவறியது. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் முறையில் ஒன்றுகூடத் தவறவில்லை. சிங்கிள் ஆக்‌ஷனில் சுத்தியல் இன்னும் பின்னால் சென்று, இன்னும் நீண்ட வளைவில் வந்து அடிக்கிறது. டபுள் ஆக்‌ஷனில் அதற்கு முன்பே விடுபட்டுவிடுவதால் ஆற்றல் குறைவு. ஆக, துப்பாக்கி எல்லைக்கோட்டில் இயங்குகிறது, ஏதோ ஒன்று அடியைத் தின்கிறது என்பது உறுதியாயிற்று.

அடுத்து மேசை. புதிய துப்பாக்கிகள் துருப்பிடிக்காமல் இருக்கப் பாதுகாப்பு எண்ணெய் பூசப்பட்டே வருகின்றன. அது கிடங்கில் கிடந்து தடித்துவிட்டால், சுடும் ஊசி ஓடும் துளையிலும் சுத்தியலின் அச்சிலும் பசைபோல ஒட்டி அடியை மெதுவாக்கும். எனவே முதலில் கரைப்பானால் முழுமையாகச் சுத்தம் செய்து, மிகக் குறைந்த அளவு எண்ணெய் இட்டேன். சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தட்டின் அடிப்புறத்தைப் பார்க்காமல் ரிவால்வரைச் சுத்தம் செய்ததாகச் சொல்லவே முடியாது. எரியாத மருந்துத் துகள் ஒன்று அங்கே புகுந்தால், நட்சத்திரம் முழுவதும் இறங்காமல் சற்றுத் தூக்கி நின்று, சிலிண்டருக்குப் பின்னேயுள்ள பிரேமின் பின்சுவரை உரசி, சிலிண்டரைச் சுழலவிடாமல் செய்யும். சிலிண்டர் மூடவே மறுப்பதும் உண்டு. குழலின் வாயை வானம் பார்க்க வைத்துக்கொண்டு கூடுகளை வெளியேற்றினால் துகள்கள் கீழே விழுந்துவிடும், நட்சத்திரத்தின் அடியில் தங்காது. சுடுதளத்தில் ஒரு பழைய பல் துலக்கும் தூரிகை எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

.357 மேக்னம் வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் இதோடு சேர்ந்தது. 1935இல் அறிமுகமான இந்தத் தோட்டாவின் கூடு, அதற்கு மூலமான .38 ஸ்பெஷலின் கூட்டைவிட நீளமானது: பின்னது 1.155 அங்குலம், முன்னது 1.290 அங்குலம். விலையும் உதைப்பும் குறைவு என்பதால் பயிற்சிக்குப் பலரும் .38 ஸ்பெஷலையே சுடுகிறார்கள். அப்போது குட்டையான கூட்டின் வாய் முடியும் இடத்தில் அறைக்குள் கரி வளையம் படிகிறது. பிறகு நீளமான .357 தோட்டாவைப் போட்டால் அது முழுவதும் உள்ளே இறங்காமல் நின்று, அதன் விளிம்பு பின்சுவரை உரசும். சுட்ட பிறகு கூடு வெளியே வராமல் ஒட்டிக்கொள்ளும். மேக்னத்தின் அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .38 ஸ்பெஷலுக்கு 17,000 என்பதை நினைவில் வைத்தால், கரி படிந்த அறையில் அதைச் சுடுவது ஏன் நல்லதன்று என்பது புரியும். அறைக்கு உரிய வெண்கலத் தூரிகையால் இந்த வளையத்தை நீக்கினேன். இரண்டு குறைகளும் அப்படியே இருந்தன.

திருகுகளில் நெடுநேரம் செலவிடவில்லை. பக்கத் தகட்டின் திருகுகளும் சிலிண்டரைத் தாங்கும் கரத்தின் திருகும் இறுக்கமாக இருந்தன. கூடுகளைத் தள்ளும் எஜெக்டர் தண்டு மறை கழன்று முன்னே நீண்டுவிட்டால் சிலிண்டர் திறக்காது. திறக்கவே முடியாமல் இறுகிய ரிவால்வர்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். இன்றைய ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர்களில் இந்தத் தண்டின் மறை இடப்பக்க மறை என்பதால், இறுக்க நினைத்து வழக்கமான திசையில் திருகுபவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள். அறைகளில் வெற்றுக் கூடுகளைப் போட்டுக்கொண்டு இறுக்கினால் நட்சத்திரம் வளையாது. சில ரிவால்வர்களில் பிடியின் முன்பக்கத்தில், தட்டையான முதன்மை ஸ்பிரிங்கை அழுத்தி நிற்கும் திருகு ஒன்று இருக்கும்; அது அரைச் சுற்று தளர்ந்தாலும் சுத்தியலின் அடி மெலிந்துவிடும். என்னுடையதில் சுருள் ஸ்பிரிங் என்பதால் அந்தக் கேள்வி எழவில்லை.

சுழற்சியின் ஒழுங்கைப் பார்க்க, வெற்றுத் துப்பாக்கியின் சிலிண்டர் மீது ஒரு விரலை மெல்ல வைத்து லேசாக இழுத்துப் பிடித்தபடி, சுத்தியலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுத்தியல் பின்னே சென்று நிற்பதற்குள் அடிப்பூட்டு பள்ளத்தில் விழும் ஓசை கேட்டாக வேண்டும். ஆறு அறைகளிலும் தனித்தனியாகச் செய்தேன். ஆறிலும் பூட்டு உரிய நேரத்தில் விழுந்தது. ப்ரைமரின் குழி நடுவில் விழுந்திருந்ததோடு இது ஒத்துப்போயிற்று.

மிஞ்சியது அளவெடுப்பு. வாகனப் பட்டறையில் வால்வு இடைவெளி பார்க்கப் பயன்படும் ஃபீலர் கேஜ் போதும். அதன் மிக மெல்லிய தகடு பொதுவாக 0.0015 அங்குலம் இருக்கும். சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையே உள்ள இடைவெளியை இரண்டு முறை அளக்க வேண்டும்: சிலிண்டரைப் பின்னே தள்ளிப் பிடித்து ஒரு முறை, முன்னே தள்ளிப் பிடித்து ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சிலிண்டரின் முன்பின் ஆட்டம். துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்கள் இதை எண்ட் ஷேக் என்பார்கள். இடைவெளி 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இருப்பது நல்லது என்பதும், ஆட்டம் 0.003ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பதும் அவர்களிடையே வழங்கும் பொது அளவுகள். என் துப்பாக்கியில் பின்னே தள்ளியபோது இடைவெளி 0.008, முன்னே தள்ளியபோது 0.002. பல ஆயிரம் தோட்டாக்கள் சுட்டுத் தேய்ந்த பழைய ரிவால்வரில் எதிர்பார்க்கக்கூடிய 0.006 அங்குல ஆட்டம், பெட்டியிலிருந்து எடுத்த புதியதில் இருந்தது.

பின்னே தள்ளி மட்டும் அளந்திருந்தால், 0.008 என்ற அளவைக் கண்டு குறையில்லை என்று முடிவு கட்டியிருப்பேன். இரண்டு அறிகுறிகளுக்கும் விளக்கம் அந்த இரண்டாவது அளவில்தான் இருந்தது.

சிலிண்டரின் அறையில் தோட்டா தன் விளிம்பில் தொங்கி நிற்கிறது. விசையை அழுத்தும்போது சுழற்றும் கை சிலிண்டரைச் சற்று முன்னோக்கியும் தள்ளுகிறது. அதனால் ப்ரைமர் சுடும் ஊசியிலிருந்து விலகி நிற்கிறது. ஊசி பின்சுவரிலிருந்து வெளியே நீளும் தூரம் வரையறுக்கப்பட்டது. அந்தச் சிறிய நீளத்தில் 0.006 அங்குலம் வீணானால், ப்ரைமரின் கிண்ணத்தை நசுக்கக் கிடைக்கும் ஆழம் அதே அளவு குறைகிறது. சிலிண்டர் முன்னே செல்ல இன்னும் இடம் மிஞ்சியிருந்தால், அடியின் ஒரு பகுதி ப்ரைமரை நசுக்காமல் சிலிண்டரையும் தோட்டாவையும் முன்னே தள்ளுவதில் கரைந்துபோகிறது. சிங்கிள் ஆக்‌ஷனின் வலுத்த அடி இந்த இழப்பைத் தாங்கியது. டபுள் ஆக்‌ஷனின் மெலிந்த அடி கடினமான ப்ரைமரிடம் தோற்றது. அதே ஆட்டத்தால் சிலிண்டரின் முகம் குழலின் முனையை 0.002 அங்குலம் வரை நெருங்கியது. சூடேறிய எஃகு விரிகிறது, கரியும் ஈயமும் முகத்தில் படிகின்றன. அந்த அற்ப இடைவெளி விரைவில் நிரம்பி, உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கியது. சுடுதளத்திலிருந்து வந்ததும் துடைக்காமல் சிலிண்டரின் முகத்தைப் பார்த்தபோது, கரிப் படலத்தின் மீது பளபளப்பான உராய்வுத் தடம் ஒன்று வளைந்து கிடந்தது. துப்பாக்கி ஆறியதும் சுழற்சி மறுபடி இலகுவானதற்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்ய விற்பனையில் மெல்லிய எஃகு வளையங்கள் இருக்கின்றன, 0.002 அங்குலத் தடிமனுள்ள அவற்றைச் சிலிண்டருக்குள், தாங்கும் கரத்தின் குழாய் முனையில் போட்டால் ஆட்டம் குறையும். பழைய ரிவால்வராக இருந்தால், பொறுப்பான கன்ஸ்மித்திடம் அதைச் செய்யச் சொல்லியிருப்பேன். புதிய துப்பாக்கியில், உத்தரவாதம் நடப்பில் இருக்கும்போது, உள்ளுறுப்பில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது என் எண்ணம். அரத்தை எடுத்துக் குழலின் முனையைத் தேய்த்து இடைவெளியைக் கூட்டலாம் என்று ஆலோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உராய்வு நிற்கும், ஆனால் ஆட்டம் அப்படியே இருக்கும், பின்னே தள்ளினால் இடைவெளி எல்லை மீறும், அந்த வழியே வெளிவரும் வாயு பக்கத்தில் நிற்பவருக்குத் தீங்கு செய்யும். எடுத்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. விசையின் கனத்தைக் குறைக்கப் பலரும் வாங்கிப் போடும் இலகுவான ஸ்பிரிங்குகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: சுத்தியலின் அடியைக் குறைத்துத்தான் அவை விசையை மென்மையாக்குகின்றன. தவறுகிற ரிவால்வரில் அத்தகைய ஸ்பிரிங் இருந்தால், வேறு எதையும் தேடுவதற்கு முன் தொழிற்சாலை ஸ்பிரிங்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

துப்பாக்கியைத் தயாரிப்பாளரிடம் அனுப்புவதில் சிலருக்குத் தயக்கம் இருக்கிறது; பதிவு மாற்றம், மறுபடி பின்னணிச் சோதனை என்றெல்லாம் அஞ்சுகிறார்கள். பழுதுபார்க்கத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, அதை நேரடியாக உரிமையாளரே திரும்பப் பெறக் கூட்டாட்சிச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் பெரிய கூரியர் நிறுவனங்கள் இப்போது உரிமம் பெற்ற வணிகர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கிகளை ஏற்கும் விதிகளை வைத்திருப்பதால், தயாரிப்பாளரிடமே அனுப்பும் சீட்டைக் கேட்டுப் பெறுவது அல்லது வாங்கிய கடை வழியாக அனுப்புவது நல்லது. உத்தரவாதம் என்ற ஒன்றைத்தான் இங்கே வாங்குபவர் நம்ப வேண்டியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைக்குள் துப்பாக்கிகள் வரவில்லை. பொம்மைகளையும் ரொட்டி வாட்டும் கருவிகளையும் திரும்பப் பெற வைக்க அதிகாரமுள்ள ஆணையத்துக்குக் குறையுள்ள ரிவால்வரைத் திரும்பப் பெற வைக்க அதிகாரம் இல்லை. இது மாற வேண்டிய நிலை என்று துப்பாக்கி வைத்திருப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன். அது மாறும் வரை, தெளிவாக எழுதப்பட்ட புகார்க் கடிதமே வாங்கியவரின் கையில் இருக்கும் ஆயுதம்.

அந்தக் கடிதத்தில் துப்பாக்கி அடிக்கடி சுடத் தவறுகிறது என்று மட்டும் எழுதினால், தொழிற்சாலையில் சில தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்துவிட்டு, குறை காணப்படவில்லை என்ற சீட்டோடு திருப்பி அனுப்பிவிடலாம். நான் எழுதியவை: எந்தத் தோட்டாக்களில் தவறியது, எவற்றில் தவறவில்லை, டபுள் ஆக்‌ஷனில் மட்டும் தவறியது, எந்த ஓர் அறையோடும் தொடர்பில்லை, குழி நடுவில் விழுந்து ஆழம் குறைந்திருந்தது, முன்னும் பின்னும் தள்ளி அளந்த இரண்டு இடைவெளிகள், உராய்வுத் தடம். வெடிக்காத தோட்டாக்களை அனுப்பவில்லை, அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. ப்ரைமர்களை அருகிலிருந்து எடுத்த படங்களை இணைத்தேன். படங்களோடும் அளவுகளோடும் வந்த கடிதத்தைப் பட்டறையில் இருப்பவர் அளவுகோலை எடுத்தே சரிபார்க்க வேண்டியிருக்கும்.

சிலிண்டரைத் தாங்கும் கரம் மாற்றப்பட்டுத் துப்பாக்கி திரும்பி வந்தது. சீட்டில் அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. மேசையில் வைத்து முதலில் அளந்தேன்: முன்னே தள்ளினால் 0.007, பின்னே தள்ளினால் 0.008. ஆட்டம் 0.001 அங்குலமாகக் குறைந்திருந்தது. இடைவெளி விரும்பத்தக்க எல்லையின் மேல் விளிம்பில்தான் இருக்கிறது. வாயு சற்று அதிகமாகக் கசிந்து குண்டின் வேகம் சிறிதளவு குறையலாம். சுழலும் துப்பாக்கிக்காக அந்தச் சிறு வேகத்தை விட்டுக்கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

பழுது பார்த்து வந்த துப்பாக்கியைப் புதிதாக வாங்கியதைப் போலவே மறுபடி சோதிக்க வேண்டும். சுத்தம் செய்யாமல், டபுள் ஆக்‌ஷனில் மட்டும், கடினமான ப்ரைமர் உள்ள அதே தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டேன். துப்பாக்கி தொட முடியாத அளவு சூடேறிய பிறகும் விசையின் கனம் மாறவில்லை, ஒரு தோட்டாவும் தவறவில்லை. பிறகு, பலரும் செய்யாமல் விடும் ஒரு சோதனையையும் செய்தேன். கனமான தோட்டாக்களின் உதைப்பில், இன்னும் சுடப்படாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து மெல்ல முன்னே நகர்ந்து, சிலிண்டரின் முகத்துக்கு வெளியே நீண்டு, சுழற்சியைப் பூட்டிவிடுவது உண்டு. இலகுவான உலோகங்களால் செய்த ரிவால்வர்களில் இந்த ஆபத்து அதிகம். இதைக் கண்டறிய, ஒரு தோட்டாவின் முழு நீளத்தைக் காலிப்பரால் அளந்து குறித்துக்கொண்டு, அதைக் கடைசி அறையில் போட்டு, மற்ற ஐந்தையும் சுட்டபின் மீண்டும் அளக்க வேண்டும். .357 மேக்னம் தோட்டாவின் உச்ச நீளம் 1.590 அங்குலம், என் எஃகுத் துப்பாக்கியில் எடுத்து அளந்த தோட்டாக்களில் காலிப்பர் காட்டிய மாற்றம் ஏதுமில்லை. கடையில் புதிய வகைத் தோட்டா எதை வாங்கினாலும், முதல் பெட்டியில் இந்தச் சோதனையைச் செய்த பிறகே இரண்டாவது பெட்டியை வாங்குகிறேன்; சுத்தம் செய்யும் நாட்களில் ஃபீலர் கேஜைச் சிலிண்டரின் முன்னே இருமுறை நுழைத்துப் பார்த்து, இரண்டு எண்களையும் அதே தாளில் குறித்து வைக்கிறேன்.